பெக்கரின் தட்டும் நிலவின் தடமும்

வண்டி சேற்றில் இறங்கிவிட்டால் முதலில் டிரைவரைத் திட்டுவோம், அப்புறம் வண்டியை. மண்ணை யாரும் விசாரிப்பதில்லை. மியெச்சிஸ்வாவ் பெக்கர் அந்த மண்ணை விசாரிப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். நிலவில் ஓடிய முதல் மனித வண்டிக்குப் பின்னால் இருந்த அறிவில் பெரும்பங்கு அவருடையது. நிலவுப் பயணம் பற்றிப் படிப்பவர்களில் பலருக்கும் அவர் பெயர் தெரியாது. அதனால்தான் அவர் செய்த வேலையைக் கொஞ்சம் விரிவாக, கணக்கோடு எழுதி வைக்கிறேன்.

பெக்கர் 1905-இல் போலந்தில் பிறந்தார். 1929-இல் வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1931 முதல் போலந்து ராணுவத்தின் ஆய்வு நிறுவனத்தில் கரடுமுரடான நிலத்தில் ஓடும் வண்டிகளைப் பற்றி ஆராய்ந்தார். அன்றைய போலந்தின் கிழக்கில் பிரிப்பெட் சதுப்பு நிலம் இருந்தது. அப்படியொரு நாட்டின் ராணுவத்துக்கு இது ஏட்டுக் கேள்வி ஆகாது. 1939-இல் போர் வந்தது. ருமேனியா வழியாகப் பிரான்சுக்குப் போனார். 1942-இல் கனடா அரசு அழைக்க, ஒட்டாவாவுக்குப் போய்க் கவச வண்டி ஆய்வில் சேர்ந்தார். கனடா ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னலாக இருந்து 1956-இல் விடுபட்டு அமெரிக்கா சென்றார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். டெட்ராய்ட் ராணுவத் தொழிற்சாலையில் நில இயக்க ஆய்வகம் அவர் கையில் உருவானது. 1961-இல் ஜெனரல் மோட்டார்ஸின் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அது கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் இருந்தது. நான்கு நாடுகள், ஒரே கேள்வி: இந்த மண் இந்தச் சக்கரத்தைத் தாங்குமா?

அவருக்கு முன்பு டாங்கி வடிவமைப்பவர்கள் இதற்கு வைத்திருந்த பதில் எளிமையானது. வண்டியின் எடையைச் சங்கிலித்தடம் தரையைத் தொடும் பரப்பால் வகுத்தால் ஓர் அழுத்தம் கிடைக்கும். அது குறைவாக இருந்தால் நல்ல வண்டி. இந்த எண் இரண்டு இடங்களில் ஏமாற்றும். சங்கிலித்தடம் முழு நீளத்துக்கும் ஒரே சீராக அமுக்குவதில்லை. உள்ளே உருளும் சக்கரங்களுக்கு நேர் கீழே அழுத்தம் சராசரியைப் போல இரண்டு மூன்று மடங்குக்கு ஏறும், நடுவில் இறங்கும். இரண்டாவது, அதே அழுத்தத்துக்கு மணல் ஒரு மாதிரி அமுங்கும், ஈரக் களிமண் வேறு மாதிரி. வண்டியை மட்டும் அளந்து பயனில்லை, தரையையும் அளக்க வேண்டும்.

தரையை அளக்க அவர் உருவாக்கிய கருவியின் பெயர் பெவாமீட்டர். 'பெக்கர் மதிப்பு அளவி' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. அதில் இரண்டு பகுதிகள். ஒன்று தட்டையான இரும்புத் தட்டை மண்ணுக்குள் அமுக்கும், இன்னொன்று பற்கள் வைத்த வளையத்தை மண் மேல் வைத்து முறுக்கும். முதலாவது வண்டி எவ்வளவு இறங்கும் என்று சொல்லும், இரண்டாவது மண் எவ்வளவு பிடிமானம் தரும் என்று சொல்லும்.

தட்டுச் சோதனையைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். குறைந்தது இரண்டு அளவுத் தட்டுகள் வேண்டும். 10 செ.மீ. அகலம் ஒன்று, 20 செ.மீ. அகலம் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஹைட்ராலிக் உந்தி தட்டை ஒரே சீரான வேகத்தில் கீழே தள்ளும். நடுவில் நிறுத்தித் தொடர்ந்தால் வளைவரையில் ஒரு பள்ளம் விழும், அந்த ஓட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஒவ்வொரு ஆழத்திலும் அழுத்தம் என்ன என்று பதிவு செய்கிறோம். இரண்டு தட்டுகளின் பதிவையும் மடக்கைத் தாளில் (log அளவுகோல் அச்சிட்ட தாள்) வரைந்தால் ஏறக்குறைய இரண்டு இணைகோடுகள் கிடைக்கும். கோட்டின் சரிவுதான் அடுக்கு எண். ஆழம் போகப் போக மண் எவ்வளவு வேகமாக இறுகுகிறது என்பதை அது காட்டும்.

பெக்கரின் சமன்பாட்டைச் சொல்லாக எழுதினால் இப்படி வரும்: ஒட்டு எண்ணை (மண்ணின் ஒட்டும் தன்மையிலிருந்து வருவது) தட்டின் அகலத்தால் வகுத்து, அதோடு உராய்வு எண்ணை (துகள்களின் உராய்விலிருந்து வருவது) கூட்டி, ஆழத்தை அடுக்கு எண்ணுக்கு உயர்த்தி அதனால் பெருக்கினால் அழுத்தம். அகலம் என்பது தட்டின் சிறிய பக்கம். இரண்டு தட்டுகள் எதற்கு என்பது இங்கே விளங்கும். தெரியாத எண்கள் இரண்டு இருக்கின்றன, அகலத்தை மாற்றினால்தான் இரண்டையும் பிரிக்க முடியும்.

நிலவு மண்ணுக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் மதிப்புகளைப் போட்டுப் பார்க்கலாம். அடுக்கு 1. ஒட்டு எண் 1,400, உராய்வு எண் 8,20,000, நீளம் மீட்டரிலும் விசை நியூட்டனிலும். ஒட்டு எண்ணை அகலத்தால் வகுத்து உராய்வு எண்ணைக் கூட்டினால், 10 செ.மீ. தட்டுக்கு வரும் தொகை 8,34,000. 20 செ.மீ. தட்டுக்கு 8,27,000. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மணல் மாதிரியான மண்ணில் ஒட்டு எண்ணை நம்பக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். தட்டு கொஞ்சம் சாய்ந்தாலோ, கீழே ஒரு கல் இருந்தாலோ அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். சில நேரம் ஒட்டு எண் எதிர்மறையாகக்கூட வரும். புதிதாகச் செய்பவர்கள் கருவி கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். கருவியில் கோளாறு இருக்காது, அந்த மண்ணில் அகலத்தின் தாக்கம் அவ்வளவு சின்னது. கோடுகள் இணையாக வராமல் வெட்டிக்கொண்டால் கதை வேறு: மேலே ஒரு மண், கீழே ஒரு மண் என்று நிலம் படலம் படலமாக இருக்கிறது, அல்லது பெரிய தட்டுக்குக் கீழே பாறை தட்டுகிறது.

இவ்வளவு பாடுபட்டு எண்களை எடுத்ததற்குக் கிடைத்த பலன் என்ன? பெக்கரின் வேலையிலேயே அழகானது என்று நான் நினைக்கும் இடம் இதுதான். சக்கரம் பதிக்கும் தடம் சும்மா கிடைப்பதில்லை. மண்ணை அமுக்க ஆற்றல் செலவாகிறது, அந்தச் செலவுதான் வண்டியைப் பின்னால் இழுக்கும் தடை. அந்தத் தடையைக் கணக்கிட்டால், அடுக்கு 1 ஆக உள்ள மண்ணில் ஒரு முடிவு வெளிவருகிறது. எடை மாறாமல், தரையைத் தொடும் பகுதியின் அகலத்தை இரட்டித்தால் தடை ஏறக்குறைய பாதியாகும். நீளத்தை இரட்டித்தால் கால்பங்காகும். இரண்டிலும் பரப்பு ஒன்றேதான், சராசரி அழுத்தமும் ஒன்றேதான். ஆனால் நீளமான தடம் ஜெயிக்கிறது. அகலமான சக்கரம் நிறைய மண்ணை அமுக்கிக்கொண்டு போகிறது, நீளமான தடம் குறுகிய ஒரே பாதையில் போகிறது.

அப்படியானால் டாங்கியை நீட்டிக்கொண்டே போகலாமே? முடியாது. சங்கிலித்தட வண்டி திரும்ப வேண்டுமென்றால் ஒரு பக்கத்தை வேகமாகவும் மறுபக்கத்தை மெதுவாகவும் ஓட்டி, தடத்தையே பக்கவாட்டில் தேய்த்துத்தான் திருப்ப வேண்டும். தடத்தின் நீளம் இரு தடங்களுக்கும் இடைப்பட்ட தூரத்தைப் போல 1.7, 1.8 மடங்கைத் தாண்டினால் வண்டி திரும்பாமல் முரண்டு பிடிக்கும். இதற்குப் பெக்கர் முன்வைத்த வழி, வண்டியை நடுவில் வெட்டி மூட்டு வைப்பது. ரயில் பெட்டி மாதிரி இணைத்த வண்டி நீளமாகவும் இருக்கும், வளைந்தும் திரும்பும். நிலவுக்கு என்று சான்டா பார்பராவில் முதலில் செய்த சோதனை வண்டியில் இந்த எண்ணத்தைப் பார்க்கலாம். ஆறு சக்கரங்கள், நடுவில் வளைந்து கொடுக்கும் சட்டம். சர்வேயர் விண்கலத்தில் ஏற்றி ஆளில்லாமல் அனுப்பத் திட்டமிட்ட வண்டி அது. கடைசியில் அனுப்பவில்லை.

தடையைப் பற்றிப் பேசிவிட்டோம், பிடிமானத்தையும் பார்க்க வேண்டும். முறுக்கும் வளையம் இரண்டு விஷயங்களைக் கொடுக்கிறது: மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் வலு, அவற்றின் உராய்வுக் கோணம் (துகள்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குவதை உராய்வு எவ்வளவு தடுக்கும் என்பதன் அளவு). ஒரு சக்கரம் தரக்கூடிய அதிகபட்ச உந்துவிசை, பரப்பை ஒட்டு வலுவால் பெருக்கி, அதோடு எடையை உராய்வுக் கோணத்தின் டான்ஜென்டால் பெருக்கிக் கூட்டியது. ஊறிய களிமண்ணில் உராய்வுக் கோணம் கிட்டத்தட்ட பூஜ்யம். அங்கே வண்டி மேல் மூட்டை ஏற்றிப் பிடிமானம் வரவழைக்க முடியாது, ஆழமாக இறங்கத்தான் செய்யும். பரப்புதான் உதவும். சேற்று உழவுக்கு டிராக்டரில் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டுவதும் இதனால்தான். காய்ந்த மணலில் நிலைமை தலைகீழ்: ஒட்டு வலு இல்லை, எடைதான் பிடிமானம்.

நிலவு மண் இரண்டாவது வகைக்குப் பக்கம். ஒட்டு வலு சதுர மீட்டருக்கு 170 நியூட்டன், கோணம் 35 பாகை. அப்போலோ வீரர்கள் நிலவில் ஓட்டிய வண்டியான ரோவரின் சொந்த எடை 210 கிலோ, ஏற்றும் சுமை 490 கிலோ. ஆக 700 கிலோ, நிலவின் ஈர்ப்பில் சுமார் 1,130 நியூட்டன், சக்கரத்துக்கு 283. சக்கரத்தின் அகலம் 23 செ.மீ. அது தரையில் 25 செ.மீ. நீளத்துக்குப் படிகிறது என்று வைத்துக்கொண்டால், பெக்கரின் கணக்குப்படி வண்டி நிற்கும்போது 6 மி.மீ. இறங்கும். அமுக்கத் தடை சக்கரத்துக்கு மூன்றரை நியூட்டனுக்குள். பிடிமானமோ 200 நியூட்டனுக்கு மேல், அதில் ஒட்டு வலுவின் பங்கு 10 மட்டுமே. நிலவில் உண்மையில் பதிந்த தடங்கள் சராசரியாக ஒரு செ.மீ.யைச் சற்றே தாண்டியவை. ஓடும் சக்கரம் வழுக்கி மண்ணைக் கொஞ்சம் தோண்டும் என்பதால் நின்ற நிலைக் கணக்கைவிடக் கூடுதலாக இருப்பது இயல்பு.

இப்போது சாதாரணமாகத் தெரியும் இந்த விடை, 1960-களின் தொடக்கத்தில் யாருக்கும் தெரியாது. நிலவில் ஆழமான தூசிக் கடல் இருக்கிறது, இறங்கும் கலம் மூழ்கிவிடும் என்று தாமஸ் கோல்ட் போன்ற வானியலாளர்கள் கருதினார்கள். 1966 ஜூனில் சர்வேயர் 1 இறங்கி, அதன் பாதங்கள் சில செ.மீ. மட்டுமே பதிந்ததைப் படமாக அனுப்பிய பிறகுதான் மூச்சு வந்தது. அந்தப் பாதம் ஒருவகையில் நிலவில் வைத்த முதல் பெவாமீட்டர் தட்டு.

சக்கரத்தைச் செய்தது பெக்கரின் குழுவில் இருந்த ஃபெரென்ஸ் பாவ்லிக்ஸ். அவரும் அகதியாக வந்தவர், 1956 எழுச்சி நசுக்கப்பட்டபோது ஹங்கேரியை விட்டு வெளியேறியவர். நாசா வண்டித் திட்டத்தைக் கைவிடும் நிலையில் இருந்தபோது, ஆறில் ஒரு பங்கு அளவில் ரேடியோவில் இயங்கும் மாதிரி ஒன்றைச் செய்து, அதில் ஒரு பொம்மையை உட்கார வைத்து, நாசாவின் ராக்கெட் விஞ்ஞானி வெர்னர் ஃபான் பிரவுனின் அறைக்குள்ளேயே ஓட்டிக் காட்டினார் பாவ்லிக்ஸ். 1969 அக்டோபர் 28-இல் போயிங் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கிடைத்தது, ஓட்ட அமைப்பு ஜெனரல் மோட்டார்ஸ் பொறுப்பு. 1971 மார்ச் 10-இல் முதல் வண்டி கைக்கு வந்தது. பதினேழே மாதம்.

அந்தச் சக்கரம் ரப்பரால் ஆனதில்லை. நிலவுப் பகலின் சூட்டையும் நிழலின் குளிரையும் மாறி மாறித் தாங்கும் ரப்பர் டயர் கனமாகிவிடும். அதனால் துத்தநாகம் பூசிய எஃகுப் பியானோக் கம்பியை, 0.84 மி.மீ. தடிமனில், கையால் வலையாகப் பின்னினார்கள். விட்டம் 81.8 செ.மீ. நடுவில் அலுமினியக் குடம். வலை வளைந்து கொடுப்பதால் சக்கரம் தரையில் நீளவாக்கில் படியும். பெக்கர் கேட்ட நீளமான தடம் காற்றடைக்காமலே வந்துவிடுகிறது. ஆனால் வெறும் வலை மண்ணை உள்ளே விழுங்கும். அதைத் தடுக்க வி வடிவ டைட்டானியப் பட்டைகளை வெளியே ரிவெட் அடித்தார்கள், தரையைத் தொடும் பரப்பில் பாதியை மூடும் அளவுக்கு. முழுவதும் மூடியிருந்தால் எடை கூடும், வலையின் நெகிழ்வும் போகும். பாறையில் மோதினால் வலை நசுங்காமல் இருக்க உள்ளே டைட்டானிய வளையம் ஒன்று. இத்தனைக்கும் ஒரு சக்கரத்தின் எடை 5.4 கிலோ. ஒவ்வொன்றுக்கும் கால் குதிரைத்திறன் மோட்டார், 80-க்கு 1 என்று வேகத்தைக் குறைக்கும் ஹார்மோனிக் டிரைவ். பூமியில் விண்வெளி வீரர்கள் பயிற்சி எடுத்த வண்டியில் இந்தச் சக்கரத்தை மாட்ட முடியாது, ஆறு மடங்கு எடையில் வலை படுத்துவிடும். அதற்கு ரப்பர் டயர்தான் போட்டிருந்தார்கள்.

பாதி திறந்த வலைக்கு ஒரு விலை உண்டு. சுழலும்போது மண்ணை அள்ளி வீசும், காற்று இல்லாததால் தூசி மிதக்காமல் வளைந்து வந்து வண்டியின் மேலேயே விழும். மட்கார்டு இல்லாமல் ஓட்டவே முடியாது. அப்போலோ 17-இல் முதல் நாளே விண்வெளி வீரர் செர்னானின் சுத்தியல் பட்டு வலப்பக்கப் பின்சக்கர மட்கார்டின் நீட்சி உடைந்தது. முதலில் ஒட்டிய டேப், தூசியில் பிடிக்காமல் கழன்றது. மறுநாள் கெட்டியான நான்கு வரைபடத் தாள்களை டேப்பால் ஒன்றாக ஒட்டி, இறங்குகலத்தின் விளக்குக் கவ்விகளைக் கழற்றி வந்து இறுக்கினார்கள். அது கடைசிவரை நின்றது. தூசி உடையில் படிவதைவிடப் பேட்டரிப் பெட்டியில் படிவது பெரிய தொல்லை. மேலே உள்ள கண்ணாடிப் பரப்பு வழியாகத்தான் சூடு வெளியேற வேண்டும். நிறுத்தும் இடங்களில் தூரிகையால் துடைப்பதும் ஒரு வேலையாகவே இருந்தது.

அப்போலோ 15, 16, 17 மூன்றும் சேர்ந்து சுமார் 90 கி.மீ. ஓட்டின. அதில் 17 மட்டும் 35.9 கி.மீ. வண்டி எந்த இடத்தில் நின்றாலும் மிச்ச ஆக்சிஜனில் நடந்தே திரும்ப முடியும் தூரம்தான் எல்லை. சக்கரத்தால் வந்த எல்லை இல்லை அது.

பெக்கரின் கணக்குக்கு எல்லை வேறு இடத்தில் இருக்கிறது, அதை அவரே சொல்லி வைத்தார். விட்டம் 50 செ.மீ.க்குக் குறையும் சக்கரங்களுக்கு அவருடைய சூத்திரம் துல்லியம் இழக்கும். தட்டையான தட்டு நேர் கீழே அமுக்குவதும், சின்னச் சக்கரம் செங்குத்தான வளைவோடு மண்ணைத் தள்ளுவதும் ஒன்றில்லை. செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ரோவர்களின் சக்கரங்கள் 25 செ.மீ. ஆப்பர்சூனிட்டி 2005 ஏப்ரலில் ஒரு மணல்மேட்டில் புதைந்து ஜூனில்தான் மீண்டது. ஸ்பிரிட் 2009-இல் மெல்லிய மேலோட்டை உடைத்துக்கொண்டு தளர்ந்த மணலில் இறங்கியது, மீளவே இல்லை. மேலோடு இருக்கும் நிலத்தில் தட்டுச் சோதனை செய்தால் கோடு ஏறி, திடீரென்று மடியும். ஒரே அடுக்கு எண்ணால் அந்த நிலத்தைச் சொல்ல முடியாது.

பெக்கர் 1989 ஜனவரியில் சான்டா பார்பராவில் காலமானார். மிச்சிகன் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1956, 1960, 1969 ஆண்டுகளில் வெளியிட்ட அவருடைய மூன்று நூல்களிலிருந்துதான் இந்தத் துறை இன்றும் தொடங்குகிறது.

சந்திரயான் ரோவரை ஓட்டிப் பார்க்க இஸ்ரோவுக்கு நிலவு மண் மாதிரி தேவைப்பட்டபோது, நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியின் அனார்த்தோசைட் பாறையைப் பொடித்து எடுத்துப் போனார்கள். நிலவின் மேட்டு நிலப் பாறையோடு பொருந்தும் பாறை அது. இப்படிப்பட்ட மண் தொட்டியில் சோதிப்பவர்கள் இரண்டு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். கப்பியில் கட்டித் தூக்கி ரோவரின் எடையை ஆறில் ஒன்றாக்கலாம், மண்ணின் எடையை அப்படிக் குறைக்க முடியாது. பூமி எடையில் இறுகி நிற்கும் மண் ரோவரை நல்லபடியாகவே காட்டிவிடும். இன்னொன்று, ஒரு தடவை ஓடிய தடம் இறுகிவிடும், அதன் மேலேயே மறுபடி ஓட்டினால் அடுத்த எண் பொய். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மண்ணை அடிவரை கிளறி, சமன் செய்து, பழைய அடர்த்திக்கே கொண்டுவந்து, தட்டை வைத்து அமுக்கிப் பார்த்த பிறகே ரோவரை இறக்க வேண்டும்.